கடைசியில் ஒரு புள்ளி

தை செங், நான்காம் மாடி, விடியற்காலை மூன்று பத்து.
சர்வர்களின் குளிரில்
ஜாக்கெட்டுக்கு மேல் ஜாக்கெட் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
திரையில் ஹைரில் எழுதிவிட்டுப் போன ஸ்கிரிப்ட்.
அவன் இப்போது பெர்த்தில்.
கேட்டால் சொல்வான், நாளை மதியத்துக்கு மேல்.

நாற்பத்தோராவது வரியில்
ஒரு டாலர் குறி, ஓர் அடைப்பு,
அடைப்புக்குள் ஒரு கட்டளை.
ஷெல் அங்கே நின்றுவிடும்.
தன்னைப்போலவே இன்னொன்றைப் பெற்று
உள்ளே அனுப்பும், போய்க் கேட்டு வா என்று.
போனது திரும்பாது.
அது சொன்னது மட்டும் திரும்பும்.
கட்டளை நின்ற இடத்தில்
அந்தச் சொல் வந்து உட்காரும்
ஆதியிலிருந்தே அங்கே இருந்ததுபோல.

உள்ளே போனது
வீடு மாறியிருக்கலாம், பெயர் மாற்றியிருக்கலாம்,
வெளியே இருப்பதற்கு ஒன்றும் தெரியாது.
அழுதால்கூட
அழுகைக்குத் தனிக் குழாய், எண் இரண்டு.
அது எங்காவது சிந்துமே தவிர
பதிலில் சேராது.

முதலில் மேற்கோள் குறியைத்தான் சந்தேகித்தேன்.
அதைப் போட மறந்தால்
புக்கிட் பாத்தோக் இரண்டு ஊராகிவிடும்,
புக்கிட் தனியாக, பாத்தோக் தனியாக.
ஒரு நட்சத்திரக் குறி வந்தால் போச்சு,
அறையில் உள்ள கோப்பெல்லாம் வரிசையில் வந்து நிற்கும்.
இல்லை. மேற்கோள் சரியாகவே இருந்தது.
ஹைரில் கவனமானவன்.

பதினோரு இரவாக
வட்டு இணைக்கப்படவில்லை என்று
உள்ளே இருந்தது கத்தியிருக்கிறது,
யாரும் திறக்காத ஒரு பதிவேட்டில்.
வெளியே வந்தது வெறுமை.
அந்த வெறுமையை வாங்கி ஒரு பெயருக்குள் வைத்த
'லோக்கல்' என்ற சொல்
தன் வேலை முடிந்த மகிழ்ச்சியில்
பூஜ்யம் என்றது. பூஜ்யம் என்றால் எங்கள் ஊரில் வெற்றி.
பதினோரு பச்சை மின்னஞ்சல்கள்.
பதினொன்றையும் நான்தான் பார்த்தேன்,
கோப்பி ஓ கோசோங் கையில் வைத்துக்கொண்டு.

திருத்தம் சின்னது.
பெயரை ஒரு வரியில் அறிவி,
பதிலை அடுத்த வரியில் வாங்கு.
அப்போதுதான் தோல்வி தோல்வியாகவே வரும்.
நான்கு நிமிடம் ஆயிற்று.
அதற்குப் பிறகும் ஏனோ எழவில்லை.

வாகினிக்குப் பதினான்கு வயது.
இரவு ஒன்பதுக்கு, சாப்பிட்டாயா என்று கேட்டிருந்தேன்.
சாப்பிட்டேன் என்று வந்தது.
பொங்கோலில், ஒன்பதாம் மாடியில், ஓர் அடைப்புக்குள் இருந்து.
பச்சை.

பதிலை வாங்கும்போது ஷெல்
கடைசி வெற்று வரிகளை வெட்டிவிடும்.
ஒன்றானாலும் நாற்பதானாலும்.
நடுவில் உள்ள மௌனம் பிழைக்கும்,
முடிவில் உள்ளது பிழைக்காது.
எத்தனை வருடமாகத் தெரியும் இது எனக்கு.
சௌகரியம் என்றே நினைத்திருந்தேன்.

வெற்று வரிகளும் வேண்டுமென்றால் ஒரு வழி உண்டு.
எல்லாம் சொல்லி முடித்ததும்
ஒரு புள்ளி அச்சிடச் சொல்ல வேண்டும்.
வெட்ட வந்த கை புள்ளியைக் கண்டு நின்றுவிடும்.
பிறகு புள்ளியை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம்.
நம் எழுத்திலும்
புள்ளி வைத்தால்தானே மெய்.

ஆறு மணிக்கு நிலையத்தில் நின்று அனுப்பினேன்:
இனிமே பதில் சொன்னா
கடைசியில ஒரு புள்ளி வை.

ஏம்மா, லூசா?

செராங்கூன் பக்கம் போகும் ரயில் வந்து கதவு திறந்தது.
அவள் தட்டச்சு செய்கிறாள் என்று காட்டியது திரை,
நின்றது,
மறுபடி காட்டியது.
கதவு மூடிக்கொண்டது. அடுத்தது ஐந்து நிமிடத்தில்.
இன்னும் காட்டிக்கொண்டிருந்தது.